கட்டிலா, கோலா?

எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு பள்ளி புளியமரத்தடியில் நடக்கும். வசனம் பிசகாமல் ஒப்பித்தால் ஒரு வண்ணப்படம் கிடைக்கும். படத்துக்கு ஆசைப்பட்டு மனப்பாடம் செய்யப்போய்ப் பத்து வயதில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், கிழவராகிவிட்ட யாக்கோபு "கட்டிலின் தலைமாட்டிலே சாய்ந்து தொழுதுகொண்டான்" என்று இருக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் 11ஆம் அதிகாரத்திலோ அதே யாக்கோபு "தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டான்". உபதேசியாரிடம் போய், "ஐயா, யாக்கோபு சாய்ந்தது கட்டிலிலா, கோலிலா?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கோலைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார். போய் உட்கார்" என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் நடந்தது வேறு. பழைய எபிரேய ஏடுகளில் உயிர்க்குறிகள் கிடையாது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காத மெய்யையும் ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாத எழுத்தையும் பார்த்துத் திண்டாடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எழுத்து ஒன்றுதான். 'மித்தா' என்று படித்தால் கட்டில், 'மத்தே' என்று படித்தால் கோல். எபிரேயத்துக்கு உயிர்க்குறி இட்ட மசோரெத்தியர்கள் கட்டில் என்று படித்தார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர் கோல் என்று படித்துவிட்டார். எபிரெயர் நிருபத்தை எழுதியவர் கையில் இருந்தது அந்தக் கிரேக்கப் பெயர்ப்பு. நம் தமிழ் வேதாகமக்காரர்கள் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தும் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்தும் கொண்டுவந்ததால் கட்டிலும் கோலும் ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. இடையில் ஒரே ஒரு வசனம். 48:2இல் யாக்கோபு எழுந்து உட்காருகிறார். அங்கேயும் அதே எழுத்துகள்தான். அங்கே நம் கிரேக்கப் பெயர்ப்பாளர் கட்டில் என்று சரியாகவே எழுதுகிறார். அப்படியானால் முதல் இடத்தில் அவர் ஏன் கோலுக்குப் போனார்? தொழுகிற கிழவர் என்றதும் ஊன்றுகோலில் தலை சாய்த்து நிற்கும் உருவம் அவர் மனத்தில் எழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிழைப்புக்காக மொழிபெயர்ப்பவன் நான். வாக்கியத்தைப் படிப்பதற்கு முன்பே படம் வந்து உட்கார்ந்துகொள்ளும் அனுபவம் எனக்கு வாரம் ஒருமுறையாவது நேர்கிறது.

கோலின் கதை அங்கே முடியவில்லை. எபிரெயர் நிருபம் லத்தீனுக்குப் போனபோது 'மேல்' என்ற சிறு இடைச்சொல் உதிர்ந்துபோனது. லத்தீன் வேதாகமத்தில் யாக்கோபு தன் கோலின் நுனியையே வணங்குகிறார்! உருவ வழிபாட்டுக்கு ஆதாரம் தேடியவர்கள் பின்னாளில் இந்த வசனத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கிரேக்கப் பெயர்ப்பைச் செப்டுவஜிண்ட் என்பார்கள், எழுபது என்று பொருள். எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி அலெக்சாந்திரியா நூலகத்துக்காக எருசலேமிலிருந்து கோத்திரத்துக்கு ஆறு பேராக 72 அறிஞர்களை வரவழைத்தான், அவர்கள் பாரோஸ் தீவில் தங்கி 72 நாளில் முடித்தார்கள் என்று அரிஸ்தேயாவின் கடிதம் சொல்கிறது. கடிதம் அந்தக் காலத்தில் எழுதப்பட்டதே அல்ல. நூறாண்டுக்கு மேல் கழித்து அலெக்சாந்திரிய யூதர் ஒருவர் அந்தப் பெயரில் எழுதியது. நூலகத் திட்டத்தைத் தூக்கிப் பிடித்தவராக அது காட்டும் தெமேத்ரியு, உண்மையில் இரண்டாம் தாலமி பட்டத்துக்கு வந்ததும் துரத்தப்பட்டவர். பிற்பாடு அலெக்சாந்திரிய யூத அறிஞர் பிலோ இன்னும் ஒரு படி போய், எல்லாரும் காதில் யாரோ ஓதியதுபோல் சொல்லுக்குச் சொல் ஒரே பெயர்ப்பைச் செய்தார்கள் என்றார். பாரோஸ் தீவில் ஆண்டுதோறும் இதற்கு விழா எடுத்தார்களாம், யூதர் அல்லாதவர்களும் படகேறிப் போவார்களாம். மொழிபெயர்ப்புக்கு ஊர்கூடி விழா எடுத்த செய்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதற்காகவே பிலோவை மன்னிக்கலாம்.

உண்மையில் வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பெயர்க்கப்பட்டன. மற்றவை அடுத்த இருநூறு ஆண்டுகளில் பல கைகளில். ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம். வழிபாட்டுச் சொற்களை எடுத்துவைத்துப் பார்த்தால் அந்தக் கைகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

முதலில் குனிதல். எபிரேயத்தில் 'ஹிஷ்டஹவா' என்று ஒரு வினை. முகம் தரையில் படக் குனிவது. ஆபிரகாம் மோரியா மலையில் தேவனுக்குச் செய்வதும் அதுதான், மனைவியைப் புதைக்க நிலம் கேட்டு ஏத்தின் புத்திரர்முன் செய்வதும் அதுதான். யாக்கோபு அண்ணன் ஏசாவுக்கு அதையே ஏழுமுறை செய்கிறான். கி.மு. 14ஆம் நூற்றாண்டு எகிப்தில் கிடைத்த அமர்னா களிமண் மடல்களில் கானான் சிற்றரசர்கள் பார்வோனுக்கு "ஏழுமுறையும் ஏழுமுறையும் விழுகிறேன்" என்று எழுதுவது வழக்கம். அந்த உலகத்துச் சொல் இது. உடம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லும். எதிரே இருப்பது தெய்வமா மனிதனா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

இதற்குக் கிரேக்கத்தில் அவர்கள் எடுத்த சொல் 'புரோஸ்குனேயோ'. கிரேக்கர் காதுக்கு இது உறுத்தும் சொல். கடவுளர்முன் செய்யலாம், மனிதன்முன் செய்வது பாரசீகர் வழக்கம், அடிமைத்தனம். ஸ்பெர்த்தியா, பூலிஸ் என்ற இரண்டு ஸ்பார்த்தர்களைப் பாரசீக மன்னன் செர்க்செஸ் முன்னால் தரையில் விழச்சொல்லிக் காவலர்கள் நெட்டியபோதும், மனிதனைக் கும்பிடுவது எங்கள் வழக்கம் அல்ல என்று மறுத்துவிட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்து எழுதுகிறார். கி.மு. 327இல் பாக்திரியாவில் அலெக்சாண்டர் தன் மாசிடோனியர்களையும் இப்படி விழவைக்கப் பார்த்தான். அவனோடு இருந்த வரலாற்றாசிரியர் கலிஸ்தேனிஸ் எதிர்த்தார், பிறகு வேறொரு குற்றச்சாட்டில் சிக்கி அழிந்தார். அந்தச் சண்டை நடந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகாத நிலையில், அலெக்சாண்டர் பெயரைத் தாங்கிய நகரத்தில் உட்கார்ந்துகொண்டு யூதப் பெயர்ப்பாளர் எழுதுகிறார்: ஆபிரகாம் ஏத்தின் புத்திரருக்குப் புரோஸ்குனேசிஸ் செய்தார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மனிதருக்கு ஒரு சொல், தேவனுக்கு ஒரு சொல் என்று பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை.

நாளாகமத்தின் முதல் புத்தகம் 29ஆம் அதிகாரத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. தாவீதின் கடைசிக் காலம். சபையார் கர்த்தருக்கும் ராஜாவுக்கும் சேர்த்தே குனிகிறார்கள். வினை ஒன்று, செயப்படுபொருள் இரண்டு. கிரேக்கத்திலும் அப்படியே. தமிழ் வேதாகமமும் இந்த ஓரிடத்தில் ஒரே வினையோடு விட்டுவிடுகிறது. மற்ற இடங்களில் நம்மவர்கள் விழிப்பாக இருந்திருக்கிறார்கள்: மோரியா மலையில் ஆபிரகாம் 'தொழுதுகொள்'கிறார், ஏத்தின் புத்திரருக்கு 'வந்தனம்' செய்கிறார். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் போடாத வேலியைத் தமிழில் போட்டிருக்கிறோம். மூல வரியைத் தமிழில் படிப்பவருக்கு, ஆபிரகாமின் நெற்றி இரண்டு இடத்திலும் ஒரே புழுதியைத்தான் தொட்டது என்று தெரியவே தெரியாது.

சரி, அவர்கள் எங்கேதான் வேலி போட்டார்கள்? கல்லில்.

பலி செலுத்தும் இடத்துக்கு எபிரேயத்தில் 'மிஸ்பேயா' என்று ஒரே சொல். கர்த்தருக்குக் கட்டியதும் மிஸ்பேயா, கானானியர் தெய்வமான பாகாலுக்குக் கட்டியதும் மிஸ்பேயா. கிரேக்கத்தில் இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் 'போமோஸ்' என்ற சொல் இருந்தது. கிரேக்கப் பெருங்கவி ஓமர் காலத்திலிருந்து எல்லாக் கோவில் முற்றத்திலும் இருப்பது போமோஸ். ஆகமங்களைப் பெயர்த்தவர்கள் அதைக் கர்த்தருக்குக் கொடுக்க மறுத்தார்கள். 'துசியாஸ்தேரியோன்' என்று ஒரு சொல்லைத் தாங்களே வார்த்தார்கள்: பலியிடும் இடம். யூத எழுத்துகளுக்கு முன்னால் இந்தச் சொல் வேறெங்கும் தென்படவில்லை. போமோஸைப் பிற தெய்வங்களுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். யாத்திராகமம் 34இல் இடிக்கச்சொல்வது போமோஸ். இஸ்ரவேலைச் சபிக்க அழைக்கப்பட்ட பிலேயாம் கட்டச்சொன்ன ஏழும் போமோஸ்.

இந்த வேலியின் அருமை யோசுவா 22இல் தெரியும். யோர்தானுக்குக் கிழக்கே போன இரண்டரைக் கோத்திரத்தார் ஆற்றோரம் பார்வைக்குப் பெரிதான ஒரு பீடத்தைக் கட்டுகிறார்கள். மற்ற கோத்திரங்கள் கொதித்துப்போய்ப் போருக்குக் கிளம்புகின்றன. விசாரித்தால், இது பலியிட அல்ல, நாங்களும் உங்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்குச் சாட்சி என்கிறார்கள் கட்டியவர்கள். எபிரேயத்தில் ஆற்றங்கரைப் பீடமும் மிஸ்பேயா, கர்த்தரின் ஆசரிப்புக் கூடாரத்துக்கு முன்னிருக்கும் பீடமும் மிஸ்பேயா. கதையின் பதற்றமே அதில்தான் இருக்கிறது: பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தானே சண்டை! கிரேக்கப் பெயர்ப்பாளரோ முதல் வரியிலேயே ஆற்றங்கரைப் பீடத்தைப் போமோஸ் என்று எழுதிவிடுகிறார். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு. கதைசொல்லியாக அவரை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் 19ஆம் வசனத்தில், நம் தேவனாகிய கர்த்தருடைய துசியாஸ்தேரியோனுக்குப் புறம்பே ஒரு போமோஸைக் கட்டினீர்களே என்று இரண்டு சொற்களையும் மோதவிடும்போது, மூலத்தில் இல்லாத ஒரு கூர்மை வந்துவிடுகிறது.

அந்தக் கூர்மை உச்சம் தொட்ட வரி வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. நான் வளர்ந்த வீட்டு வேதாகமத்தில் மக்கபேயர் புத்தகங்கள் கிடையாது. 1995இல் வந்த திருவிவிலியத்தில்தான் அவற்றைத் தமிழில் படித்தேன். கி.மு. 167இல் சீரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் அந்தியோக்கு எப்பிபானியின் ஆட்கள் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்துகிறார்கள். பலிபீடத்தை இடித்துத் தள்ளவில்லை, அதன்மேல் தங்கள் பீடத்தை ஏற்றிவைக்கிறார்கள். கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள், துசியாஸ்தேரியோனின் மேலிருந்த போமோஸில் பலியிட்டார்கள் என்கிறது கிரேக்கம். ஆகமப் பெயர்ப்பாளர்கள் போட்டுவைத்த வேலி இல்லாவிட்டால் இந்த வரியை இப்படி எழுதியிருக்க முடியுமா? ஒரு சொல்லின் தலைமேல் இன்னொரு சொல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

எல்லாரும் இந்த வேலியை மதிக்கவில்லை. நியாயாதிபதிகளைப் பெயர்த்தவர் கிதியோன் இடித்த பாகாலின் பீடத்தையும் சாவகாசமாகத் துசியாஸ்தேரியோன் என்றே எழுதினார். ஆனால் புதிய ஏற்பாட்டில் போமோஸ் ஒரே ஒரு தடவை வருகிறது: பவுல் ஏதென்ஸில் "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த பீடத்தைப் பற்றிப் பேசும்போது. ஏதென்ஸ்காரர்களிடம் அவர்கள் பீடத்தை அவர்கள் சொல்லாலேயே சொல்கிறார்.

தமிழில்? எல்லாமே பலிபீடம்தான். கர்த்தருடையதும் பாகாலுடையதும் ஏதென்ஸில் இருந்ததும். அதோடு இந்தப் பலிபீடம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். சிவன் கோவிலில் கொடிமரத்தை ஒட்டி இருக்கிறதே, அதன் பெயர்தான். நம் வேதாகமக்காரர்கள் நாட்டுக் கோவிலின் முற்றத்திலிருந்தே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அலெக்சாந்திரியாவின் பெயர்ப்பாளர்கள் கிரேக்கக் கோவிலின் முற்றத்திலிருந்த சொல்லைத் தொட மறுத்தார்கள். குனிவதில் அவர்கள் தாராளம், நாம் கெடுபிடி. கல்லில் அவர்கள் கெடுபிடி, நாம் தாராளம்.

கல் என்றதும் இன்னொன்று. எபிரேயப் பாட்டுகள் தேவனைக் 'கன்மலை' என்று அழைக்கும். தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் அது உருண்டு உருண்டு வழவழப்பான சொல். கிரேக்கத்தில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. உபாகமம் 32இல் கன்மலை வரவேண்டிய இடத்தில் வெறுமனே 'தேவன்' என்று இருக்கிறது. சங்கீதங்களில் 'துணை'யாகவும் 'தேவன்' ஆகவும் மாறிப்போகிறது. ஊரெல்லாம் கல்லைக் கும்பிடும் எகிப்தில் நம் கடவுளையும் கல் என்று எழுதிவைப்பானேன் என்று நினைத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் பாட்டுக்கு நஷ்டம்.

பெரிய நஷ்டம் வேறிடத்தில். 'அவோதா' என்ற எபிரேயச் சொல்லுக்கு வேலை, ஊழியம், வழிபாடு எல்லாம் பொருள். யாத்திராகமம் முழுவதும் இந்த ஒரு வேரில்தான் ஓடுகிறது. பார்வோனுக்குச் செங்கல் சுமப்பது அவோதா. இந்த மலையில் தேவனுக்குச் செய்வீர்கள் என்று மோசேயிடம் சொல்லப்படுவதும் அதே வேர். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா இரவில் பிள்ளைகள் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று கேட்பார்கள் என்று இருக்கிறதே, அங்கே மூலத்தில் பிள்ளைகள் வாயில் வருவது அவோதா. அடிமைகளின் பிள்ளைகள் கேட்கிறார்கள்: இது என்ன வேலை?

கிரேக்கப் பெயர்ப்பாளர் இதை இரண்டாகப் பிளந்தார். எகிப்தியருக்குச் செய்தால் அடிமைப்படுதல், தேவனுக்குச் செய்தால் 'லத்ரேயா'. லத்ரேயாவும் முதலில் கூலிக்குச் செய்யும் வேலையைக் குறித்த சொல்தான். ஆனால் அதற்குள் தெய்வத்துக்குச் செய்யும் பணி என்று உயர்ந்துவிட்டது. தான் ஊரில் கேள்வி கேட்டுத் திரிந்ததையே சாக்ரடீஸ் தெய்வத்துக்குச் செய்த லத்ரேயா என்று சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். ஆசாரியரும் லேவியரும் செய்யும் ஆலயப் பணிக்கு 'லெய்துர்கியா' என்று மூன்றாவது சொல். ஏதென்ஸில் பணக்காரர் தம் செலவில் போர்க்கப்பல் நடத்துவதும் நாடகக் குழுவைப் பயிற்றுவிப்பதும் லெய்துர்கியா. பிளந்ததில் தெளிவு கிடைத்தது. ஓர் அடிமைத்தனத்திலிருந்து இன்னொரு ஊழியத்துக்குப் போகிறார்கள் என்ற எபிரேயத்தின் உள்ளோசை போய்விட்டது. சங்கீதங்களைப் பெயர்த்தவர் மட்டும், கர்த்தருக்கு அடிமைப்படுங்கள், அதையும் மகிழ்ச்சியோடு செய்யுங்கள் என்று முரட்டுத்தனமாகவே விட்டுவைத்தார். அவரை எனக்குப் பிடிக்கும்.

தமிழிலும் 'எகிப்தியருக்கு வேலைசெய்ய', 'தேவனுக்கு ஆராதனை செய்ய' என்று பிளவுதான். இதில்தான் எனக்கு ஆற்றாமை. உலகத்தில் இந்தப் பிளவு தேவைப்படாத மொழி ஒன்று உண்டென்றால் அது நம்முடையது. அடிமையும் அடியாரும் ஒரே வேர். தொண்டு என்றால் அடிமை வேலையும் உண்டு, இறைபணியும் உண்டு. சுந்தரரைக் கல்யாணப் பந்தலில் மறித்த கிழவர் நீட்டியதே ஒரு அடிமை ஓலை. அவோதாவுக்குத் தொண்டு என்று போட்டிருந்தால் யாத்திராகமம் தமிழில் எப்படி ஒலித்திருக்கும் என்று சில இரவுகளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். "இந்தத் தொண்டு என்ன?" என்று பிள்ளை கேட்கும். செங்கல் சூளையில் அப்பா செய்ததும் தொண்டுதான்.

ஒருமுறை எனக்கு வேலை கொடுத்த நிறுவனம் ஒன்று, ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று சொற்பட்டியல் நீட்டியது. இரண்டாம் பக்கத்திலேயே வாக்கியங்கள் நொண்டின. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மறுபடி பெயர்த்த அக்கிலா என்பவர் இதைத்தான் செய்தார். எபிரேயத்தின் இரண்டாம் வேற்றுமைக் குறிக்குக்கூட ஒரு கிரேக்கச் சொல்லை வைத்து, வானத்தை என்று வரவேண்டிய இடத்தில் 'வானத்தோடு' என்பதுபோல் எழுதினார். அவரைக் கேலி செய்யலாம். ஆனால் அவோதாவை இழந்தவர்களும் அவரும் ஒரே கவலையைத்தான் பட்டார்கள். சீராக்கின் ஞானநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த, அதை எழுதியவரின் பேரன், கி.மு. 132இல் எகிப்துக்கு வந்தவர், முன்னுரையிலேயே வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறார்: எபிரேயத்தில் சொன்னது வேறு மொழிக்குப் போனால் அதே வலுவோடு இருப்பதில்லை என்று.

யாத்திராகமம் 20:5க்கு வருகிறேன். உருவங்களை நமஸ்கரிக்கவும் வேண்டாம், சேவிக்கவும் வேண்டாம். கிரேக்கத்தில் புரோஸ்குனேயோ ஒன்று, லத்ரேயா இன்னொன்று. இரண்டும் அங்கே தோளோடு தோள் நின்றவை. ஆயிரம் ஆண்டு கழித்து, 787இல், நைசியாவில் கூடிய திருச்சபைச் சங்கம் இந்த ஜோடியைப் பிரித்துத்தான் திருவுருவப் படங்களைக் காப்பாற்றியது. படத்துக்குப் புரோஸ்குனேசிஸ் செய்யலாம், லத்ரேயா தேவனுக்கு மட்டும். ஆபிரகாம் ஏத்தின் புத்திரருக்குக் குனிந்ததும் யாக்கோபு ஏசாவுக்குக் குனிந்ததும் அந்த வழக்கில் சாட்சிகள். அன்று அலெக்சாந்திரியப் பெயர்ப்பாளர் நம்மைப்போல் வந்தனம் என்றும் தொழுகை என்றும் பிரித்திருந்தால் இந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. தீர்மானம் பிராங்குகளின் மன்னன் சார்லிமேன் அரசவைக்கு மோசமான லத்தீனில் போய்ச் சேர்ந்தது. புரோஸ்குனேசிஸ் அங்கே ஆராதனை என்று பொருள்படும் சொல்லாகியிருந்தது. பிராங்குகள் கொதித்தெழுந்து புத்தகம் புத்தகமாக மறுப்பு எழுதினார்கள். மறுபடியும் அதே கட்டில், கோல் கதைதான்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் நாகமான் வருகிறான். சீரிய ராஜாவின் படைத்தலைவன், குஷ்டம் நீங்கிக் கர்த்தரை நம்பியவன். ஊருக்குத் திரும்புமுன் தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான். என் ராஜா குனிய எங்கள் தெய்வமான ரிம்மோனின் கோவிலுக்குப் போவார், நான் கைலாகு கொடுக்க வேண்டும், அவர் என் கைமேல் சாய்ந்து குனியும்போது நானும் குனிய வேண்டிவரும். இதைக் கர்த்தர் மன்னிப்பாராக. எபிரேயத்தில் ஒரே வசனத்துக்குள் ஹிஷ்டஹவா மூன்றுமுறை வருகிறது: ராஜாவுக்கு ஒருமுறை, நாகமானுக்கு இருமுறை. கிரேக்கத்திலும் மூன்று புரோஸ்குனேயோ. மூன்றாவதை மட்டும் பெயர்ப்பாளர் நாகமானிடமிருந்து எடுத்து ராஜாவின் கணக்கில் எழுதிவிட்டார். அவர் கையிலிருந்த ஏட்டில் அப்படி இருந்ததோ, அவருக்கே மனம் இரங்கியதோ. முதல் இரண்டையும் அவர் தொடவில்லை. நம்பிக் குனிகிறவனுக்கும் கைலாகு கொடுக்கக் குனிகிறவனுக்கும் ஒரே வினைதான்.

எலிசா விளக்கம் கேட்கவில்லை. சமாதானத்தோடே போ என்றார். நாகமான் கொஞ்ச தூரம் போயிருந்தான்.